நாற்பத்தேழாம் பக்கத்து ஒற்றைச் சுரம்

கடிதம் வந்தபோது யூனுஸ் ஒரு ரேஷன் கார்டின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே தாளில் கொண்டுவரும் வேலையில் இருந்தார். கொண்டுவந்தவன் நல்லகாமன். கடைக்கு நேர் பின்னால் இருக்கும் அலுவலகத்தில் பியூன். தினம் நான்கு தரமாவது கடைக்குள் வந்து, மின்விசிறிக்குக் கீழே நின்று சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, "என்ன பாய், எரிக்குதுல்ல" என்று சொல்லிவிட்டுப் போகிறவன். அன்று உள்ளே வரவில்லை. வெயிலில் நின்றபடியே, "யூனுஸ் அவர்களே" என்றான்.

பதினோரு வருடப் பழக்கத்தில் நல்லகாமன் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"என்னடா நல்லகாமா, அவர்கள் இவர்கள்னுக்கிட்டு."

"அப்படித்தான் கூப்பிடச் சொல்லியிருக்காக. இதுல கையெழுத்துப் போடுங்க. போட்டதும் நான் மூணு அடி பின்னால போகணும்."

போட்டார். நல்லகாமன் மனதுக்குள் எண்ணிக்கொண்டே மூன்று அடி பின்னால் போய், திரும்பி நடந்துவிட்டான்.

'தென்மாவட்டத் திருவிசைப் பதிப்பு வாரியம்' என்று தலைப்பில் ஊதா எழுத்தில் இருந்தது. கீழே விஷயம்: தங்கள் கடையில் நகலெடுக்கப்பட்ட 'பெருந்துதி' சுரப் புத்தகத்தின் நாற்பத்தேழாம் பக்கத்தில், மூன்றாவது வரியில், டெனர் எனப்படும் ஆண் மேற்குரலுக்குரிய ஒரு சுரம் காணவில்லை. அது எங்கே இருக்கிறது என்பதைத் தாங்கள் வரும் வியாழக்கிழமை நேரில் வந்து தெரிவிக்க வேண்டும். வரத் தவறினாலோ, தெரிவித்தது திருப்தியளிக்காவிட்டாலோ, தாங்கள் அனுபவித்துவரும் கடை அறை வாரியத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும்.

யூனுஸ் மூன்று தரம் படித்தார். பிறகு, தன்னையறியாமல் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போகிற சாலையில், இருபுறமும் வேப்பமரம் நிற்கும் பழைய கட்டடம் அந்த வாரியம். அதன் சுற்றுச்சுவரில் நான்கு கடைகள். முதல் கடை 'யூனுஸ் ஜெராக்ஸ்'. வாரியத்தில் யாரும் பாடுவதில்லை. தென்மாவட்டத்துச் சர்ச்சுகளில் பழைய ஐரோப்பியத் துதிப்பாடல்களை நான்கு குரலில் பாடும் குழுக்கள் நிறைய இருந்தன. அவர்கள் எந்தத் தாளைப் பார்த்துப் பாடலாம் என்று சொல்வதுதான் வாரியத்தின் வேலை. வாரியத்தின் ஊதா முத்திரை விழுந்த தாள் மட்டுமே தாள். வேறு தாள் வைத்திருந்த குழுவின் பெயரை வருடாந்திர விழாவில் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். வாசிக்கப்பட்ட குழுவில் யாருக்கும் அடுத்த வருடம் பெண் கொடுப்பதில்லை என்று பேச்சு.

'பெருந்துதி' என்பது முந்நூறு வருடங்களுக்கு முன் ஒரு ஜெர்மன்காரர் எழுதியது. அவர் பெயரைச் சரியாகச் சொல்ல வாயில் எச்சில் நிறைய வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு பெரிய பக்கங்கள். எப்போதோ கப்பலில் வந்த ஒரே ஒரு அச்சுப் பிரதி வாரியத்தில் தகரப் பெட்டிக்குள் பட்டுத்துணியில் சுற்றி இருந்தது. அதற்குப் பெயர் மூலம். மூலத்துக்கு ஒரே விதி. நகலெடுக்கலாம், பார்க்கக் கூடாது. ஆகவே வருடத்துக்கு இரண்டு முறை நல்லகாமன் பெட்டியைத் தலையில் சுமந்து வந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் கொடுப்பான். யூனுஸுக்கென்று தனியாக விதி ஏதும் எழுதப்படவில்லை. ஆனாலும் மரியாதைக்காக அவரும் காலண்டரைப் பார்த்தபடியே பக்கங்களைக் கண்ணாடிமேல் கவிழ்ப்பார். ஒவ்வொரு நகலின் அடியிலும் 'இதை நகலெடுப்பது குற்றம்' என்ற வரியும் அச்சாகும்படி வாரியம் ஏற்பாடு செய்திருந்தது. அந்த வரியைப் பல்லாயிரம் முறை நகலெடுத்திருந்தும், ஒவ்வொரு முறையும் யூனுஸுக்கு நெஞ்சு ஒரு தடவை அதிகமாக அடித்துக்கொள்ளும்.

கடை போனால் வேறு கடை பார்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு மெஷினைப் பற்றித் தெரியாது. அது கைமாறி வந்த பழைய பெரிய மெஷின். "அண்ணே, இது இருக்கிற இடத்துல இருக்கிற வரைக்கும் ஓடும். தூக்கினீங்க, அம்புட்டுதான்," என்று மெக்கானிக் அசாருதீன் ஒவ்வொரு சர்வீஸின்போதும் சொல்லிவிட்டுப் போவான். கடை போனால் மெஷின் போகும். மெஷின் போனால் யூனுஸிடம் கை இரண்டும் கண் இரண்டும்தான் மிச்சம்.

தெற்குவாசல் வீட்டில் மனைவி சாதிகா கடிதத்தை வாங்கிப் படித்தாள்.

"ஒரு சுரம்னா எம்புட்டுப் பெருசுங்க இருக்கும்?"

"மிளகு அளவு."

"மிளகு அளவு சாமானைத் தொலைச்சதுக்கா கடையைக் கேக்குறாக?"

"நான் தொலைக்கல சாதிகா. என்கிட்ட இருந்ததுன்னே எனக்குத் தெரியாது."

"அதைத்தான் போயி சொல்லுங்க."

"நீ அவங்களைப் பாத்ததில்ல," என்றார் யூனுஸ். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மிளகு கிடந்தது. அதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

வியாழக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். வாசலில் ஒரு அம்மாள் படிவம் கொடுத்தாள். பெயர், தகப்பனார் பெயர், குரல் வகை. குரல் வகைக்கு நான்கு கட்டங்கள்.

"எனக்குக் குரல் வகையெல்லாம் இல்லைங்க. ஜெராக்ஸ் கடை."

"குரல் வகை இல்லாத ஆளை உள்ளே விட முடியாது. என்ன தொலைச்சீங்க?"

"டெனர்னு எழுதியிருக்காக."

"அப்ப நீங்களும் டெனர்." அவளே கட்டத்தில் குறி போட்டாள். அவரை மூன்றாவது வரிசையில், டெனர்களுக்கான இடத்தில், எட்டுக் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்காரவைத்தார்கள்.

மேடையில் ஏழு பேர். ஒருவர் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தார். எல்லோரும் எழுந்தார்கள், யூனுஸும் எழுந்தார். விசாரணை இந்தச் சுருதியில்தான் நடக்கும் என்றும், இதைவிட மேலே பேசினால் பதற்றம் என்றும், கீழே பேசினால் மறைக்கிறார் என்றும் பதிவாகும் என்றும் அறிவித்தார்கள். "உங்கள் பெயர்?" என்றார்கள். "யூனுஸ்" என்றார். பயத்தில் அது விசில் மாதிரி வந்தது. சாட்சி முதல் சொல்லிலேயே சுருதி விலகினார் என்று எழுதிக்கொண்டார்கள்.

செயலாளர் முனைவர் ஞானாபரணம் எழுந்தார். மெலிந்த மனிதர். கையில் இரண்டு பக்கத்திலும் கண்ணாடி போட்ட ஒரு சட்டம். அதற்குள் ஒரு தாள்.

"இந்த வாரியத்தைப் பற்றி வெளியே ஒரு தவறான கருத்து உலவுகிறது. நாம் இசையைக் காப்பாற்றுகிறோம் என்று நினைக்கிறார்கள். இசை முந்நூறு வருடமாகத் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டு வருகிறது. அதற்கு நாம் தேவையில்லை. நாம் காப்பாற்றுவது தாளை. நான் பொறுப்புக்கு வந்த நாள்முதல் ஒரு பாட்டையும் காதால் கேட்டதில்லை என்பதைப் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறேன். கேட்டால் தாளிலிருந்து கவனம் சிதறும்."

மற்ற ஆறு பேரும் தலையசைத்தார்கள்.

"சென்ற மாதம் நடந்த விழாவின் ஒளிப்பதிவை, வழக்கம்போல் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு குழுக்கள், அறுநூறு வாய்கள். நாற்பத்தேழாம் பக்கத்தில், நான்கு குரல்களும் ஓய்ந்து நிற்கும் அந்த இடத்தில், டெனர்கள் மட்டும் ஒரே ஒரு சுரம் பாடுவார்கள். உலகத்தில் வேறு எந்தப் பதிப்பிலும் அந்தச் சுரம் கிடையாது. நம் பதிப்பில் மட்டும் உண்டு. மூன்று நாட்டுப் பதிப்பாளர்களுக்கு எழுதி, உங்கள் பதிப்பு குறைபாடுள்ளது என்று தெரிவித்தோம். பதில் வரவில்லை. பதில் வராததை ஒப்புதலாகப் பதிவு செய்தோம். அந்தச் சுரத்தின்போது, ஒரே ஒரு குழுவில், ஒன்பது வாய்கள் மூடியிருந்தன."

சட்டத்தை உயர்த்திப் பிடித்தார். அதில் இருந்த சுரத்துக்குக் காம்பு இல்லை. வெறும் கறுப்புப் பொட்டு.

"காம்பில்லாத சுரம். பூமியில் ஒட்டாத விசுவாசி. இதைப் பற்றி முந்நூற்று அறுபது பக்கம் எழுதித்தான் முனைவரானேன். அதற்கு முன்னால் நான் யார்? பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். நான் பாடினால் பிள்ளைகள் எனக்குப் பின்னால் நின்று என்னைப் போலவே பாடிக் காட்டுவார்கள். இப்போது யாராவது பாடிக் காட்டுகிறார்களா? இந்தச் சுரம் போனால் இசைக்கு இழப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு இழப்பு. வாரியம் என்பது நான்தான் என்பதால், வாரியத்துக்கும் இழப்பு."

அந்தச் சுரத்தை எவ்வளவு நேரம் பாடுவது என்பதற்கான துணைக்குழுவின் தலைவர் அடுத்து எழுந்தார். தங்கள் குழு ஆறு வருடங்களாகக் கூடிவருவதாகவும், அந்தச் சுரம் முடியும்போது முடிந்துவிட வேண்டும் என்பது வரைக்கும் கருத்தொற்றுமை ஏற்பட்டிருப்பதாகவும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

யூனுஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஒரு வழி தோன்றியது. வழி தோன்றியதும் சொல்லிவிடுவது அவர் சுபாவம்.

"சார், பெட்டியத் திறந்து மூலத்தைப் பாத்துட்டா, அது இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிரும்ல?"

ஆர்மோனியம் நின்றது. யாரோ ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"மூலத்தைப் பார்ப்பது என்பது," என்றார் ஞானாபரணம், மிக மெதுவாக, "மூலத்தைச் சந்தேகிப்பது. இதை நீங்கள் இரண்டாவது முறை சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த வியாழக்கிழமை சுரத்துடன் வாருங்கள்."

*

மறுநாள் கடைக்கு ஒரு பெண் வந்தாள். திருப்பரங்குன்றம் தாண்டி ஒரு ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை, பெயர் தமிழ்வாணி. அப்பா சின்னான் பிறர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்; இப்போது அவருக்கே அறுபது சென்ட் வயல் இருந்தது. ஊர் சர்ச்சில் நாற்பது பேரைச் சேர்த்து அவள் ஒரு பாட்டுக் குழு நடத்தினாள். மூடியிருந்த ஒன்பது வாய்களும் அவள் குழுவைச் சேர்ந்தவை.

"எங்க மேல கேஸ் போட்ருக்காக, பாய். குற்றத்தோட பேரு 'மௌனம் காத்தல்'." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"சிரிக்காதீக டீச்சர். எங்கிட்ட கடையவே கேக்குறாக."

"நாங்க இந்த வருசம்தான் சேந்தோம். நீங்க எடுத்துக் குடுத்த தாளைப் பாத்துப் பாடினோம். அதுல அந்த எடத்துல ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்லாத எடத்துல என்னத்தப் பாடுறது? முத நாளு ஒத்திகையில நாப்பது பேரும் மூச்சைப் பிடிச்சு நிக்கோம், பாய். அம்புட்டு அமைதி. தூரத்துல குன்றத்து ஸ்டேஷனைத் தாண்டி ரயில் போற சத்தம் கேட்டுச்சு. அது ஓஞ்ச பெறகு திரும்பப் பாட ஆரம்பிச்சோம். எங்கப்பா வெளிய நின்னவரு உள்ள வந்து, என்ன பிள்ளைகளா ஆச்சுன்னு கேட்டாரு. அழுதிருக்காரு."

பையிலிருந்து இரண்டு கட்டுத் தாள்களை எடுத்தாள். ஒன்று அவளுடையது. இன்னொன்று வேறு குழுவிடம் கேட்டு வாங்கிய பழையது. பழைய கட்டின் மூன்று பக்கங்களை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தாள்.

"இங்க பாருங்க. நாப்பத்தாறுல அந்தப் பொட்டு ரெண்டு வரிக்கு நடுவுல வெத்து எடத்துல கெடக்கு. நாப்பத்தெட்டுல எழுத்துக்குப் பக்கத்துல. எல்லாப் பக்கத்துலயும் இருக்கு, பாய். ஒரே எடம். நாப்பத்தேழுல மட்டும் சரியா கோட்டு மேல ஏறி உக்காந்திருக்கு. புதுத் தாள்ல எதுலயும் இல்ல. உங்க மெஷின்ல ஏதாச்சும் மாத்துனீகளா?"

யூனுஸ் முக்காலியில் உட்கார்ந்தார்.

பதினோரு வருடங்களுக்கு முன் மெஷின் வந்து இறங்கிய அன்று, அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் வந்து, எம்புட்டுப் பெரிய மெஷின் என்று வாயைப் பிளந்து நின்றார்கள். சாதிகாவுக்கு அது பிடிக்கவில்லை. நஜர் பட்டுவிடும் என்றாள். குழந்தைக்குக் கன்னத்தில் வைப்பதுபோல் எங்காவது ஒரு மைப்பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்றாள். வெளியே வைத்தால் துடைத்துவிடுவார்கள் என்று, மூடியைத் திறந்து, கண்ணாடியின் தூரத்து மூலையில் கண் மையை விரலால் தொட்டு ஒரு பொட்டு வைத்தாள். மெஷினின் சூட்டில் அது இறுகிப்போனது. ஆதார் கார்டு, சாதிச் சான்றிதழ், பட்டா எதுவும் அந்த மூலை வரைக்கும் எட்டாது. எட்டிய பெரிய தாள் 'பெருந்துதி' ஒன்றுதான். சென்ற ரம்ஜானுக்கு முன்னால் சர்வீஸுக்கு வந்த அசாருதீன், "அண்ணே, கண்ணாடியில என்னமோ அழுக்கு. ஸ்பிரிட் போட்டுச் சுத்தமா எடுத்துட்டேன்," என்று சொல்லி, அதற்காகத் தனியாக ஒரு டீ வாங்கிக் குடித்தான்.

தமிழ்வாணியிடம் யூனுஸ் இதைச் சொல்லவில்லை. அவளே அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தாள்களைப் பைக்குள் வைத்து, "உங்களுக்குத் தெரிஞ்சுருச்சு," என்றாள். "சொல்றதும் சொல்லாததும் உங்க பாடு. ஆனா ஒண்ணு பாய், உங்க மேல எனக்குக் கோவமில்ல."

வீட்டில் சாதிகாவிடம் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்; தோள்கள் குலுங்கின. "நான் வச்ச கண் மையையா அறுநூறு பேரு நின்னு பாடியிருக்காக?" பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"சொல்லிராதீங்க."

"சொல்லாட்டி சுரத்தைத் தொலைச்சவன்னு கடையை எடுப்பாங்க."

"சொன்னா?"

"அவரு முந்நூத்தி அறுவது பக்கம் எழுதியிருக்காரு சாதிகா. சொன்னா கடையோட விடுவாங்களா?"

*

திங்கட்கிழமை ஏழு பேரும் கடைக்கே வந்தார்கள். மெஷினின் நீள அகலத்தை அளந்தார்கள். ஆர்மோனியத்தைக் கவுண்டர்மேல் வைத்துச் சுருதி பிடித்தார்கள். ஆதார் கார்டோடு நின்றிருந்த மூன்று வாடிக்கையாளர்களை அவர்கள் குரலுக்கேற்பப் பிரித்து நிறுத்தினார்கள். நல்லகாமன் பெட்டியைத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாற்பத்தேழாம் பக்கத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்தான். நாற்பத்தேழு பிரதி எடுக்கச் சொன்னார்கள். ஏதாவது ஒன்றிலாவது சுரம் திரும்பி வரக்கூடும் என்பது எண்ணம்.

ஒவ்வொரு தாளும் சூடாக வெளியே வந்ததும் ஞானாபரணம் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தார். ஏழு பேரும் பார்த்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார்கள். இருபதைத் தாண்டியபோது அவர் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார். முப்பதில் தாள் கையிலிருந்து நழுவியது. அதை எடுக்கக் குனிந்த யூனுஸின் காதருகே அவரும் குனிந்தார்.

"எப்படியாவது அதை வரவைக்க முடியாதா?"

அந்தக் குரலை யூனுஸுக்குத் தெரியும். போன வாரம் முழுக்க அது அவருடைய தொண்டையில்தான் இருந்தது.

"பேனாவுல ஒரு பொட்டு வச்சுரட்டுமா சார்?"

"பேனாவால் வைத்தால் போலியாகிவிடும்," என்றார் செயலாளர். கண்ணில் நீர் கட்டியிருந்தது. "அது தானாக வர வேண்டும்."

நாற்பத்தேழாவது தாளும் வெறுமையாக வந்தது. ஆர்மோனியத்தை மறந்துவிட்டுப் போய், அரை மணி நேரம் கழித்து ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை யூனுஸ் சொல்லிவிட்டார். தைரியம் வந்து சொல்லவில்லை. பயத்தில் வேறு எந்தப் பொய்யும் ஞாபகத்துக்கு வரவில்லை. உண்மை மட்டும்தான் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. மெஷின் வந்தது, நஜர், கண் மை, கண்ணாடி மூலை, ஸ்பிரிட். தரையைப் பார்த்துக்கொண்டே முடித்தார். சுருதி விலகவில்லை என்று பிறகு குறிப்பில் கண்டது.

பின்வரிசையில், மௌனம் காத்த வழக்குக்காக வந்திருந்த தமிழ்வாணி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஞானாபரணம் கண்ணாடிச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து மார்போடு அணைத்திருந்தார். அவர் விழுந்துவிடுவார் என்று யூனுஸ் நினைத்தார். ஏழு பேரும் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார்கள்.

இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தபோது செயலாளரின் முகத்தில் புது மாப்பிள்ளைக் களை இருந்தது.

"சாட்சி சொன்னதை வாரியம் முழுமையாக ஏற்றுக்கொள்கிறது. இந்தச் சுரத்தை எழுதியவர் இசை தெரியாதவர். புகழ் நோக்கம் இல்லாதவர். எந்தப் பதிப்பாசிரியரின் கையும் இதில் படவில்லை. இத்தனை தூய்மையான சுரம் வேறு எந்தப் பதிப்பிலும் இல்லை. அந்த ஜெர்மன்காரர் எழுதியதில்கூட ஒரு நோக்கம் இருக்கிறது. ஆகவே, தகரப் பெட்டிக்குள் இருப்பதை இனி மூலம் என்று அழைக்க இயலாது. சுரம் அதில் இல்லாததால் அது குறைபாடுள்ள நகல். மூலம், யூனுஸ் கடையில் இருக்கும் மெஷின். என் ஆய்வின் இரண்டாம் பாகத்தை நாளையே தொடங்குகிறேன்."

மௌனம் காத்த குழு, விட்ட சுரத்துக்கு ஈடாக அடுத்த விழாவில் அதை இரண்டு முறை பாட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

"பாடிருவோம் சார்," என்றாள் தமிழ்வாணி எழுந்து. "ஒரு தடவை உங்களுக்காக, ஒரு தடவை பாய் வீட்டு அக்காவுக்காக. ஊருல மட்டும் அந்த எடத்துல நாங்க சும்மா இருக்கிற மாதிரியே இருந்துக்கிறோம்."

யூனுஸ் கையைத் தூக்கினார். "சார், கடை?"

"கடையா?" செயலாளர் கீழே இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கடையை உங்களிடமிருந்து இனி யாராலும் எடுக்க முடியாது. வாரியமே நினைத்தாலும் முடியாது."

யூனுஸ் அங்கேயே அழுதுவிட்டார். வரும் வழியில் அரை கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை கடையைத் திறந்தபோது நல்லகாமன் ஒரு வாளிப் பசையும் ஒரு கட்டுச் சீட்டும் வைத்துக்கொண்டு காத்திருந்தான். கூட ஒரு போட்டோக்காரர். கடையில் எது எங்கே இருக்கிறதோ அதை அப்படியே படம் எடுத்தார்கள். பிறகு ஒவ்வொன்றிலும் எண் போட்ட சீட்டு ஒட்டினான். மெஷின் ஒன்று. முக்காலி இரண்டு. காலண்டர் மூன்று. மின்விசிறி ஏழு. யாரோ வாங்காமல் விட்டுப்போன சாதிச் சான்றிதழ் பன்னிரண்டு.

"இனிமே மெஷினைப் போடக் கூடாது பாய். எதையும் நகத்தவும் கூடாது. சேதாரம் ஆயிரும்லா." சொல்லிக்கொண்டே கொஞ்சம் கூச்சத்தோடு யூனுஸின் சட்டைப் பைமேல் பதினான்கை ஒட்டினான்.

"எனக்கு எதுக்குடா?"

"ஃபோட்டோவுல நீங்களும் இருக்கீகள்ல. நீங்க முக்காலியில உக்காந்து காலண்டரைப் பாக்குறதும் பதிப்புல சேர்த்தின்னு எழுதியிருக்கு."

அன்று முழுக்க யூனுஸ் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆதார் கார்டோடு வந்தவர்களை நல்லகாமன் வாசலில் ஒரு கயிறு கட்டி அதற்கு அப்பால் நிறுத்தினான். தூத்துக்குடியிலிருந்து ஒரு குழு வந்து வரிசையாக நின்று அவரைப் பார்த்துவிட்டுப் போனது. மாலையில் யூனுஸ் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க பாய்?"

"வீட்டுக்குடா. மக்ரிப் தொழுகை நேரம் ஆகப்போகுது."

நல்லகாமன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தான். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தான். "வெளிய கொண்டுபோறதுன்னா துணைக்குழு கூடணும்னு போட்டிருக்கு பாய். செவ்வாய்க்கிழம கூடுறாக. அதுவரைக்கும் உக்காருங்க. டீ வாங்கியாரவா?"

யூனுஸ் உட்கார்ந்தார். காலண்டரைப் பார்த்தார். அப்போதுதான் நல்லகாமனின் இடது கையில் இன்னொரு சீட்டு மிச்சம் இருப்பதைக் கவனித்தார். பசை தடவித் தயாராக இருந்தது. பதினைந்து.

"அது யாருக்குடா?"

"மை வச்ச கைக்கு," என்றான் நல்லகாமன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "அக்கா எப்பக் கடைப்பக்கம் வருவாக?"

போன் அடித்தது. சாதிகா.

"ஏங்க, இம்புட்டு நேரமாச்சு. எப்ப வாரீங்க?"

"கொஞ்சம் நேரமாகும். கடை போகல சாதிகா. கடை நம்மகிட்டத்தான் இருக்கு."

"கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. நீ வீட்லயே இரு. என்ன? வந்துராத."

"அதெப்படி, மனசு கேக்குமா?" என்றாள் சாதிகா. பின்னால் கண்டக்டரின் விசில் கேட்டது. "நான் தெப்பக்குளத்துல எறங்கிட்டேங்க. இந்தா, கடை தெரியுது."